ஆச்சி புத்தகத்தில் 300 நாள்

"ஆச்சி வீடு" குழு
2025 அக்டோபர் 31, வெள்ளி மாலை

சென்னை சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) இந்தச் செபத்தை ஒரு தடவை பக்தியோடு சொன்னால் மோட்சத்துக்கு முன் சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து 1000 ஆத்துமாக்கள் மோட்சம் சேரும். உடனே 10 பேருக்கு அனுப்பவும்.

சென்னை சித்தி: அம்மா போனபிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். எனக்கு லீவு இல்லை, வர முடியாது. இதையாவது எல்லோரும் சொல்லுங்கள்.

அம்மா: சொல்லிவிட்டேன் பாப்பா.

பெரியம்மா: நானும்.

பெரியப்பா: பாப்பா, ஆச்சிக்காகச் செபிக்கச் சொன்னது மிகவும் நல்லது. அந்தச் செபமும் நல்ல செபம்தான். ஆனால் 1000 என்ற கணக்கைத் திருச்சபை கொடுக்கவில்லை. 10 பேருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் யாரோ சேர்த்தது. இறந்தவர்களுக்காகத் திருச்சபை உண்மையிலேயே ஒரு பலன் கொடுத்திருக்கிறது, அது நாளைக்குத்தான் தொடங்குகிறது. கல்லறைக்குப் போய் ஒப்புக்கொடுக்கிற பரிபூரண பலன். பலன் என்றால், மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு இன்னும் மிச்சமிருக்கிற தண்டனையைத் திருச்சபை தீர்ப்பது.

சென்னை சித்தி: சரி அத்தான். நல்லது என்று நினைத்துத்தான் போட்டேன்.

பெரியப்பா: தெரியும்மா.

அத்தை: இரண்டு நாளாக அலமாரியை ஒதுக்குகிறேன். ஆச்சியின் செபப் புத்தகம் கிடைத்தது. (படம்)

அத்தை: அட்டை போய்விட்டது. காடாத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். "சேசுவே இரக்கமாயிரும்" இருக்கிற பக்கத்தில் மெழுகு சொட்டி, காகிதம் எண்ணெய்த் தாள் மாதிரி ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் "300 நாள் பலன்". ஓரத்தில் பென்சில் கோடுகள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. பக்கம் முழுக்க. மேலே "இவுகளுக்கு" என்று எழுதியிருக்கிறது.

அம்மா: அப்பாவுக்குப் போட்ட கணக்கு. அப்பா இறந்த வருஷம் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து சொல்வார்கள். என்ன கோடு என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

துபாய் தம்பி: பெரியப்பா, ஒன்று கேட்கலாமா? 300 நாள் என்றால் தாத்தாவுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்றா? அப்புறம், பள்ளிக்கூடத்தில் லூத்தர் பாடத்தில் "பாவமன்னிப்புச் சீட்டு" என்று படித்தோமே, அது இதுதானா? கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடுகிறேன்.

பெரியப்பா: கேட்கத்தான் வேண்டும். முதலில் 300 நாள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் காலண்டர் கிடையாது. அந்த நாள் பூமியில் இருந்த நாள். ஆதித் திருச்சபையில் பெரிய பாவம் செய்தவர் ஊரறிய ஒறுத்தல் செய்ய வேண்டும். ரொட்டியும் தண்ணீரும் மட்டும், கோயில் வாசலில் நிற்பது, வருஷக்கணக்கில்கூட. 250-ல் உரோமை மன்னன் தேசியுஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையில் பயந்துபோய் விசுவாசத்தை மறுதலித்தவர்கள் பலர். அவர்கள் விசுவாசத்துக்காகச் சிறையில் இருந்த வேதசாட்சிகளிடம் போய், "ஒறுத்தல் குறைய எங்களுக்காகப் பரிந்து எழுதுங்கள்" என்று கடிதம் வாங்கி வந்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் இந்தக் கடிதங்களோடு எவ்வளவு மல்லுக்கட்டினார் என்பது அவருடைய நிருபங்களில் இருக்கிறது. கண்டபடி கொடுக்காதீர்கள் என்றார், ஆனால் வேதசாட்சியின் பரிந்துரையைத் தள்ளவும் இல்லை. ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்கு உதவும் என்ற எண்ணத்துக்கு வேர் அங்கேதான்.

பெரியப்பா: ஆக "300 நாள் பலன்" என்றால், பழைய சட்டப்படி 300 நாள் ஒறுத்தல் செய்தால் என்ன பலனோ அது. ஜனங்கள் அதை மறுவுலக நாளாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் 1967 ஜனவரி 1-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள் கணக்கையே எடுத்துவிட்டார். தண்டனை முழுவதையும் தீர்க்கிற பரிபூரண பலன், ஒரு பங்கைத் தீர்க்கிற குறைபலன், இரண்டே வகை. ஆச்சியின் புத்தகம் அதற்கு முந்தியது.

நான்: அப்படியென்றால் ஆச்சி போட்ட கோடெல்லாம்?

பெரியப்பா: ஒன்றுகூட வீணில்லை. அதே 1967 ஏட்டில் அழகாக ஒன்று இருக்கிறது. குறைபலனில், செய்கிறவருடைய அன்பும் பக்தியும் எவ்வளவோ, அதே அளவு திருச்சபை, கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியப் பொக்கிஷத்திலிருந்து சேர்க்கிறது. ஆச்சி பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்ததற்கு அளவு நமக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்.

துபாய் தம்பி: பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதும் பாவம் மன்னிக்கப்படுகிறதே. அப்புறம் எதற்குப் பலன்?

மாமா: அத்தான், இதை நான் சொல்கிறேன். மருமகனே, பக்கத்து வீட்டுக்காரர் வலையை நீ அறுத்துவிட்டாய் என்று வை. மன்னிப்பு கேட்டாய், அவரும் மன்னித்துவிட்டார். வலை அறுந்துதானே கிடக்கிறது? உட்கார்ந்து பின்ன வேண்டும். நீ ஒருவனே பின்னி முடியாது என்றால் கரையில் நாலு பேர் வந்து கூட உட்காருவார்கள். எனக்கு ஞானோபதேசத்தில் சாமியார் இப்படித்தான் சொல்லித் தந்தார்.

பெரியப்பா: இதைவிடத் தெளிவாக நான் சொல்ல மாட்டேன். குற்றத்துக்கு மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்தில். குற்றம் விட்டுப்போன சேதத்துக்கு, அதாவது அநித்திய தண்டனைக்கு, பலன். ஆகவே "பாவமன்னிப்புச் சீட்டு" என்று பாடப்புத்தகம் போட்ட பெயர் சரியில்லை. ஆனால் சீட்டு விற்றது உண்மை. அதை நாம் மறைக்கக் கூடாது.

துபாய் தம்பி: சீட்டு எப்படி வந்தது?

பெரியப்பா: படிப்படியாக. 1095-ல் பிரான்சில் கிளர்மோனில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பான், பேருக்கும் பணத்துக்கும் இல்லாமல் பக்தியால் எருசலேமுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயணமே முழு ஒறுத்தலாக எண்ணப்படும் என்றார். 1300-ல் எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலியை, அதாவது புனித ஆண்டை, அறிவித்தார். பேதுரு, பவுல் பெருங்கோவில்களை உரோமைக்காரர்கள் 30 நாள் சந்திக்க வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு 15 நாள். 1343-ல் ஆறாம் கிளமெண்ட், கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த பொக்கிஷம் திருச்சபையிடம் இருக்கிறது என்று எழுதிவைத்தார். 1476-ல் நான்காம் சிக்ஸ்துஸ், இறந்தவர்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாம் என்றார். தான தர்மமும் ஒரு நற்செயலாக இருந்தது, பாலம் கட்ட, ஆஸ்பத்திரி கட்ட என்று. அந்தத் தர்மம்தான் மெல்ல விலையாகிவிட்டது.

நான்: நான் அச்சகத்தில் வேலை செய்வதால் இது எனக்கு மறக்காது. ஜெர்மனியின் மாயின்ஸ் நகரில் 1454-லேயே பலன் சீட்டை அச்சடித்திருக்கிறார்கள். துருக்கியரை எதிர்க்க சைப்ரஸ் தீவுக்குப் பணம் திரட்ட. ஒரே பக்கம். பெயருக்கும் தேதிக்கும் இடம் காலியாக விட்டிருக்கும், கையால் நிரப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் அடிக்கிற ரசீதுப் புத்தகம் மாதிரியே இருக்கும். படத்தில் பார்த்தபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

பெரியப்பா: அதே மாயின்ஸ்தான் பின்னால் பெரிய ரணமாகியது. ஆல்பிரக்ட் என்பவர் ஏற்கெனவே மாக்டபர்க் பேராயர். 1514-ல் மாயின்ஸ் பேராயர் பதவியும் சேர்ந்து கிடைத்தது. அதற்காக உரோமைக்குக் கட்ட வேண்டிய பெரும்பணத்தை ஆக்ஸ்பர்க் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். 1515-ல் பத்தாம் லியோ, பேதுரு பெருங்கோவில் கட்டப் பலன் அறிவித்தார். ஆல்பிரக்டின் பகுதிகளில் வசூலாவதில் பாதி கோவிலுக்கு, பாதி அவருடைய கடனை அடைக்க. வாங்கிய ஏழைக்கு அந்தப் பாதி தெரியாது. செத்துப்போன தாய் தகப்பனை நினைத்துக் காசு போட்டவர்கள் அவர்கள். ஆச்சி பென்சிலில் "இவுகளுக்கு" என்று எழுதினார்களே, அதே அன்பு. அந்த அன்பை வைத்துக் கடன் அடைத்தார்கள். வரலாறு நடத்திய 31 வருஷமும் இந்தப் பாடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

மைனி: பெரிய மாமா, இன்றைக்கு அக்டோபர் 31. எங்கள் தரங்கம்பாடி லூத்தரன் வீட்டில் சீர்திருத்தத் திருநாள். ஞாயிறு பள்ளியில் நாடகம் போடுவோம். என் தம்பிதான் ஆல்பிரக்டுக்காகச் சீட்டு விற்ற டெட்செல் குரு, கையில் தகர உண்டியல். அவர் பிரசங்கம் செய்த யூட்டர்போக் ஊருக்கு, லூத்தர் இருந்த விட்டன்பர்க் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வந்தார்கள். லூத்தர் 1517-ல் இதே நாளில், பலன் விற்பனையை எதிர்த்து எழுதிய 95 வாக்கியங்களை அந்த ஆல்பிரக்டுக்கே கடிதத்தோடு அனுப்பினார். அதில் 43-வது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஏழைக்குக் கொடுக்கிறவனும் இல்லாதவனுக்குக் கடன் கொடுக்கிறவனும், பலன் வாங்குகிறவனைவிட நல்லதைச் செய்கிறான் என்று வரும்.

பெரியப்பா: அந்த 43-ஐ நானும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன் மகளே.

மைனி: உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். இறந்தவர்களுக்காகச் செபிப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. கிறிஸ்துவின் கிருபை போதும் என்றுதான் வளர்ந்தேன். கல்யாணமாகி வந்த முதல் நவம்பரில், ஆச்சி என்னைக் கூப்பிட்டு "நீ செபிக்க வேண்டாம், கூட நின்றால் போதும்" என்றார்கள்.

அம்மா: அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாதே.

பெரியப்பா: திருச்சபையும் திருந்தியது, தாமதமாக. 1563-ல் ஆயர்கள் கூடிய திரிதெந்தீன் சங்கம் பலனை வைத்துக் காசு பார்ப்பதைத் தடைசெய்தது. 1567-ல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்), பணத்தோடு கட்டின பலன்களை எல்லாம் ரத்துசெய்தார். இன்றைக்குக் கத்தோலிக்கத்தில் எந்தப் பலனுக்கும் விலை கிடையாது. யாராவது காசு கேட்டால் அது பலன் இல்லை. இந்த 2025 யூபிலி வருஷத்துக்கான ஏட்டைப் படித்தால், நோயாளி, சிறையில் இருப்பவர், தனியாக இருக்கிற முதியவர், இவர்களைப் போய்ப் பார்ப்பதற்கே பலன் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது சமூக ஊடகம் மாதிரியான வீண் பராக்குகளை விட்டு, மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதும் அதில் வருகிறது. 43-ம் வாக்கியம் இதில் எனக்குக் கேட்கிறது.

பெரியம்மா: நாளைக்கு என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள். மணி எட்டாகிறது.

பெரியப்பா: நவம்பர் 1 முதல் 8 வரை, ஒரு கல்லறைக்குப் பக்தியோடு போய் இறந்தவர்களுக்காகச் செபிக்க வேண்டும். மனதுக்குள் சொன்னாலும் போதும். பாவசங்கீர்த்தனம் முன்னாலோ பின்னாலோ ஏறக்குறைய 20 நாளுக்குள் இருக்கலாம், ஒன்று செய்தால் எட்டு நாளுக்கும் வரும். நற்கருணை மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் தனியாக வாங்க வேண்டும். திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம். ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான். இந்தக் கல்லறைப் பலன் இறந்தவர்களுக்கு மட்டும். ஆக எட்டு நாளில் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் மாற்றி மாற்றி ஒப்புக்கொடுக்கலாம்.

துபாய் தம்பி: நான் எங்கே போவது?

பெரியப்பா: எந்தக் கல்லறையானாலும் சரி, நம் ஊர்க் கல்லறையாக இருக்க வேண்டும் என்றில்லை. போக முடியாவிட்டால் கல்லறைத் திருநாளான 2-ம் தேதி கோயிலுக்குப் போய் ஒரு பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல், அன்றைக்கு அதற்கும் பரிபூரண பலன் உண்டு.

துபாய் தம்பி: ஞாயிறு பூசைக்குப் போகிறேன். சாயங்காலம் ஷிப்ட், காலையிலேயே போய்விடுகிறேன்.

பெரியப்பா: ஒன்றை விட்டுவிட்டேன். கடினமானது அதுதான். எந்தப் பாவத்தின் மேலும், அற்பப் பாவத்தின் மேல்கூட, பற்று இருக்கக் கூடாது. கோபத்தைப் பொத்திவைத்துக்கொண்டு கல்லறைக்குப் போனால் பலன் பரிபூரணமாக இராது, குறைபலனாகத்தான் நிற்கும். அதனால்தான் காசுக்கு அது ஒருநாளும் வந்திருக்க முடியாது.

(இருபது நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை)

சென்னை சித்தி: அத்தான், நான் லீவு இல்லை என்று எழுதியது பொய். கேட்டால் கிடைக்கும். அடக்கத்துக்கு மறுவாரம் வீட்டு விஷயமாக அண்ணனிடம் பேசியதிலிருந்து நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்கு என்று எட்டு நாள் போனாலும் இதை வைத்துக்கொண்டு போனால் என்ன.

சென்னை சித்தி: அண்ணா, நான் பேசியது தப்பு.

மாமா: (படம்) வெள்ளையடித்து முடிந்தது. இரண்டு பூச்சு. அம்மா பெயரை இன்னும் எழுதவில்லை, நாளைக்குக் கறுப்புப் பெயின்ட் வாங்க வேண்டும். அப்பா பெயரை முன்பு நீதான் எழுதினாய். உன் கையெழுத்துதான் நன்றாக வரும்.

மாமா: நாளை ராத்திரி முத்துநகர் ரயிலில் இடம் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் பஸ். ஞாயிறு காலை பெயர் எழுதலாம், சாயங்காலம் கல்லறையில் பூசை.

சென்னை சித்தி: பார்க்கிறேன் அண்ணா. பாவசங்கீர்த்தனம் நாளைக்கு இங்கேயே முடித்துக்கொண்டு வருகிறேன்.

அத்தை: உங்கள் அறையை ஒதுக்கிவிட்டேன். புத்தகத்தைப் பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

மைனி: நானும் வருகிறேன். கூட நிற்கிறேன். பூ என் பொறுப்பு.

மாமா: செவ்வந்தி வாங்கும்மா. மெழுகுதிரி வாங்கும்போது கண்ணாடிக் கூண்டும் நாலு வாங்கு, அங்கே கடல்காற்றில் ஒன்றும் நிற்காது.