அலுமினியப் பானை ஏன் இண்டக்சன் அடுப்பில் சூடாவதில்லை?

கேள்வி (படிவம் 5 மாணவி, சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்டத்து வீட்டில் அம்மா புழங்கிய அலுமினியச் சோற்றுப்பானை, புதிதாக வாங்கிய இண்டக்சன் அடுப்பில் சற்றும் சூடாவதில்லை. இரும்புத் தோசைக்கல்லோ விரைவில் காய்ந்துவிடுகிறது. பாத்திரத்தைச் சூடாக்குவது சுழல் மின்னோட்டம் (மாறும் காந்தப்புலத்தால் உலோகத்துக்குள் வட்டமிட்டு ஓடும் மின்னோட்டம்) என்றால், இரும்பைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் அலுமினியமல்லவா அதிகம் சூடாக வேண்டும்? எங்கள் பழைய மின்சார மீட்டரில் சுழன்ற தட்டும் அலுமினியம்தான் என்கிறார் அப்பா. அங்கு மட்டும் அது எப்படி வேலை செய்கிறது?

பதில் 1 (இயற்பியல் ஆசிரியர், பஹாவ்):
நல்ல கேள்வி, தங்கையே. அலுமினியத்திலும் சுழல் மின்னோட்டம் தாராளமாக ஓடுகிறது. ஆனால் வெப்பம் பிறக்க மின்னோட்டத்தோடு மின்தடையும் வேண்டும். அடுப்பின் கம்பிச்சுருளில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் ஓடுவதால், பாத்திரத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் அடிப்பரப்பின் மெல்லிய படலத்திலேயே ஒதுங்கிவிடுகிறது. காந்தத்தன்மையுள்ள இரும்பில் அந்தப் படலம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், அலுமினியத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. மெல்லிய பாதை, அதிலும் தடை மிகுந்த உலோகம் என்பதால் இரும்பில் வெப்பம் பல மடங்கு கூடுகிறது. பெரும்பாலான அடுப்புகள் பொருந்தாத பாத்திரத்தை உணர்ந்து தாமே நின்றும்விடும். பாத்திரம் வாங்கும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அது அடியில் உறுதியாக ஒட்டினால் போதும்.

பதில் 2 (சார்ஜ்மேன் எனும் மின்பணிப் பொறுப்பாளர், செம்பனை ஆலை):
ஆசிரியர் சொன்ன அதே வெப்பத்தைத் தடுப்பதற்குத்தான் நாங்கள் பாடுபடுகிறோம். மோட்டார், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் இரும்பு உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல், அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான சிலிக்கான் எஃகுத் தகடுகளுக்கு மின்காப்புப் பூசி அடுக்குவார்கள். தகட்டின் தடிமன் பாதியானால் சுழல் மின்னோட்ட இழப்பு கால்பங்காகிவிடும். எரிந்த மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டும்போது, பழைய சுருளை எடுக்க அளவுக்குமீறிச் சூடேற்றினால் அந்தப் பூச்சு கெட்டு, தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொள்ளும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகச் சுருள் கட்டினாலும் மோட்டார் கொதிக்கும். இதைப் பல பட்டறைகள் பொருட்படுத்தாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

பதில் 3 (இயற்பியல் ஆசிரியர், பஹாவ்):
மீட்டரைப் பற்றிய பாதி மீதமிருக்கிறது. அதன் இரு சுருள்கள் தட்டில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சுழற்றுகின்றன. அது மட்டுமென்றால் தட்டின் வேகம் கட்டுக்கடங்காது ஏறும். எனவே நிலைக்காந்தம் ஒன்றின் இடைவெளியில் தட்டை ஓடவிடுகிறார்கள். அங்கு எழும் இன்னொரு சுழல் மின்னோட்டம், லென்சு விதிப்படி (தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும்), தட்டை அதன் வேகத்துக்கு ஏற்பப் பிடித்திழுக்கிறது. இதனால்தான் சுழற்சி வேகம் வீட்டில் செலவாகும் மின்திறனுக்குச் சரியான விகிதத்தில் அமைகிறது. இங்கு வேண்டியது நன்கு கடத்தும், எடை குறைந்த, காந்தத்தில் ஒட்டாத உலோகம், ஆகவே அலுமினியம். பழைய மீட்டர் இன்னும் இருந்தால், அடுப்பை ஏற்றும்போது தட்டு விரைவதைக் கண்ணாடி வழியே பாருங்கள். முத்திரையை மட்டும் உடைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.