பொருள்: [கலைச்சொல்] வற்றில் தெரிந்து பெருக்கில் மூழ்கும் நிலம்

அனுப்புநர்: சட்ட மொழிபெயர்ப்பு, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம்.

கரையோரத் தீவுகள் பற்றிய மும்மொழிச் சொற்பட்டியலில் தமிழ்ப் பத்தி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. தீவுக்கூட்டம், கண்டல் தீவு, முருகைக்கல் தீவு எதிலும் சிக்கலில்லை. 'லோ டைட் எலிவேஷன்' என்ற ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலி.

பழைய வரைவில் 'தாழ் அலை உயர்வு' என்று கிடக்கிறது. இதை ஏற்க முடியாது. அலை வேறு, வற்றுப்பெருக்கு (கடல்நீர் நாளாந்தம் இறங்குவதும் ஏறுவதும்) வேறு. உயர்வு என்றால் விலைவாசிதான் நினைவுக்கு வரும். கால் வைத்து நிற்கக்கூடிய ஒரு நிலத்துண்டு வராது.

பொருள் இதுதான். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயம், உறுப்புரை 13: இயற்கையாக உருவாகி, நாற்புறமும் நீர் சூழ்ந்து, வற்றின்போது நீருக்கு மேல் தெரிந்து, பெருக்கின்போது மூழ்கும் நிலம். உறுப்புரை 121 சொல்லும் தீவு பெருக்கிலும் மூழ்காது. இரண்டையும் பிரிப்பது அந்த ஒன்றுதான்.

ஆனால் விளைவு பெரியது. தீவு என்றால் அதற்குச் சொந்தமாக 12 கடல் மைல் ஆட்புலக் கடல் (நாட்டின் இறைமைக்கு உட்பட்ட கரையோரக் கடல்) உண்டு. நமது பொருளுக்கு அப்படிக் கிடையாது. பெருநிலத்திலிருந்தோ ஒரு தீவிலிருந்தோ 12 கடல் மைலுக்குள் அதில் ஒரு பகுதியாவது அமைந்தால், அதன் வற்றுநீர்க் கோட்டிலிருந்து ஆட்புலக் கடலை அளக்கத் தொடங்கலாம். முழுவதும் அதற்கு அப்பால் கிடந்தால் ஒன்றுமில்லை. ஆகவே 'தீவு' என்ற சொல் இந்தப் பெயரின் எந்த மூலையிலும் வரக்கூடாது. 'மறைதீவு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, சட்டத்தில் வழக்குக்கு வழிவிடும்.

என் முன்மொழிவு: வற்றுத்திட்டு.

அனுப்புநர்: கடல் அளவை, முகத்துவாரம்

அக்கா, 'வற்று' சரி. 'திட்டு'தான் உதைக்கிறது.

கடற்றொழிலாளரிடம் இந்த மேடுபள்ளங்களுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் கடினத் தரை பார். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் அவைதாம். மணல் சேர்ந்து மேலே வந்தால் தீடை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஆதாம் பாலத்தில் வரிசையாகக் கிடப்பவை மணல் தீடைகள். முருகைக்கல் உடைந்து குவிந்தது சல்லி. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி, காரைச்சல்லி என்ற பெயர்களில் அது ஒட்டியிருக்கிறது. கருங்கல் எழுந்து நின்றால் கல், மலை. நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் புறாத்தீவை ஊரவர் புறாமலை என்பார்கள்.

இந்தப் பெயர்களில் பல, எதனால் ஆனது என்பதைச் சொல்கின்றன. சமவாயம் அதைக் கேட்பதேயில்லை. மணலோ சேறோ முருகைக்கல்லோ கருங்கல்லோ, கேள்வி நீர்மட்டம் மட்டும். 'திட்டு' என்றதும் மணல் கண்ணில் வந்துவிடும். பெருக்கில் மூழ்கும் ஒரு கருங்கல் முனையை வற்றுத்திட்டு என்று எந்த மாலுமியும் சொல்லமாட்டான்.

கடல் வரைபடத்தில் இது எப்படி வருகிறது என்பதையும் பட்டியலில் சேர்த்தால் நல்லது. வற்றில் வெளிப்படும் பரப்புக்குப் பச்சைச் சாயம். அதன் மேல் அடிக்கோடிட்ட எண் இருந்தால் அது ஆழமல்ல, வரைபடத்தின் பூச்சிய மட்டத்துக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்ற அளவு. தனிப்பாறை மூழ்கி எழும்புவதானால் நட்சத்திரக் குறி. பூச்சிய மட்டத்திலேயே நீர் தடவும் பாறைக்குக் கூட்டல் குறியும் நான்கு புள்ளிகளும். எப்போதும் அடியில் கிடப்பதற்கு வெறும் கூட்டல் குறி. அடிக்கோட்டைக் கவனிக்காமல் அந்த எண்ணை ஆழமாக வாசித்தால் படகு தரைதட்டும்.

இன்னொரு பொறி: ஒரே தாளில் இரண்டு பூச்சியங்கள் இருக்கின்றன. ஆழமும் வற்றில் வெளிப்படும் உயரமும் தாழ்நீர் மட்டத்திலிருந்து அளக்கப்படும். இன்று பெரும்பாலும் அது வானியல் கணிப்பின்படி வரக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம். தீவின் உச்சி, வெளிச்சவீட்டின் உயரம் ஆகியவை உயர்நீர் மட்டத்திலிருந்து. இரண்டு எண்ணையும் நேரே ஒப்பிட்டு 'இது அதைவிட உயரம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடைவெளி ஒரு மீற்றருக்கும் குறைவு. காம்பே வளைகுடாவில் அது பத்து மீற்றரைத் தொடும். அங்கே இப்படிப்பட்ட நிலம் மைல் கணக்கில் விரியும். இங்கே அது மெல்லிய பட்டைதான். அரை மீற்றர் மணல் ஏறினால் மூழ்கும் நிலம் தீவாகிவிடும், அரை மீற்றர் போனால் பாராகிவிடும். ஆதாம் பாலத்தில் சோளகம் (தென்மேல் காற்று) அள்ளுவதை வாடை (வடகீழ்க் காற்று) வேறெங்கோ போடும். எனவே சொல் இடத்தின் பெயராக இல்லாமல், அளந்த நிலைமையின் பெயராக இருக்கவேண்டும்.

அனுப்புநர்: புவியியல், கொட்டாஞ்சேனை

'திட்டு' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் கண்டத்தின் விளிம்பை, இங்கே நாங்கள் கண்டமேடை என்று படிப்பிப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கண்டத்திட்டு என்கின்றன. உயர்தர மாணவர்கள் இரண்டு கரைப் புத்தகங்களையும் புரட்டுகிறார்கள். ஒரே சமவாயத்தில் கண்டமேடையும் வருகிறது, நமது பொருளும் வருகிறது. அங்கே கண்டத்திட்டு, இங்கே வற்றுத்திட்டு என்றால் இரண்டும் ஓரினம் என்று பிள்ளை நினைக்கும். 'வற்றுமேடை' போட்டால் அதே குழப்பம் எங்கள் பக்கம் வரும்.

நான் வைப்பது வற்றுமேடு. மேடு மணலிலும் உண்டு, கல்லிலும் உண்டு. பள்ளத்துக்கு எதிர்ச்சொல் என்பதால் சுற்றிலும் தாழ்ந்திருப்பதும் உள்ளே அடங்கிவிடுகிறது. தீவு என்ற வாசனை கிடையாது. புணர்ச்சியிலும் தொல்லை இல்லை, வல்லினம் மிகுமா மிகாதா என்று அச்சுத் திருத்துநரோடு சண்டை பிடிக்கவேண்டியதில்லை.

மாணவர்கள் இதோடு கலக்கும் மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள். வெலிகமவில் உள்ள தப்ரபேன் தீவுக்கு வற்றில் நீரில் இறங்கி நடந்தே போகலாம். மிரிஸ்ஸவின் கிளிப்பாறைக்கும் அப்படித்தான். அவை வற்றுமேடுகள் அல்ல. தீவின் உச்சி எப்போதும் மேலேதான் நிற்கிறது, இடையில் உள்ள தரைதான் மூழ்கி எழும்புகிறது. அதற்கு 'நடைதீவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். தீவே நடப்பது மாதிரி இருக்கிறது. 'வற்றுவழித் தீவு' பரவாயில்லை.

வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றைத் தாம்போதிகளும் பாலங்களும் இணைக்கின்றன. அதனால் அவை தீவாக இல்லாமல் போய்விடவில்லை. குறிகட்டுவானில் வீதி முடிந்து படகு தொடங்குகிறது என்பதற்காக நயினாதீவும் நெடுந்தீவும் மட்டும்தான் 'உண்மையான' தீவுகள் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். அலைகள் மணலைக் கொண்டுவந்து ஒட்டவைத்த தீவு வேறு வகை, அதற்கு 'ஒட்டுத்தீவு' போதும். கற்பிட்டிக்கு வடக்கே உச்சமுனை, பத்தலங்குண்டு என்று நீளமாகக் கிடக்கும் மணல் தடுப்புகள் 'தடுப்புத்தீவு'. நெடுந்தீவு சுண்ணக்கல், புறாத்தீவு கருங்கல், பத்தலங்குண்டு மணல்: ஒரே நாட்டின் கரைக்கு வெளியே இத்தனை வகை இருக்கும்போது எல்லாவற்றையும் 'சிறிய தீவுகள்' என்று ஒரே பையில் போடுவது பாடநூலின் சோம்பல்.

அனுப்புநர்: சட்ட மொழிபெயர்ப்பு, வெள்ளவத்தை

சேர், கண்டத்திட்டு விடயம் போதும், 'திட்டு'வை விட்டுவிடுகிறேன். வற்றுமேடு என்று வைத்து மூன்று உறுப்புரைகளில் ஓட்டிப் பார்த்தேன்.

உறுப்புரை 13இல் தடையில்லை. உறுப்புரை 7இன் நான்காம் பந்தி: நேர் அடிக்கோடுகளை (கடல் எல்லைகளை அளக்கத் தொடங்கும் கோடுகளை) வற்றுமேட்டிலிருந்தோ வற்றுமேட்டுக்கோ வரையக்கூடாது, கடல்மட்டத்துக்கு மேல் நிரந்தரமாக நிற்கும் வெளிச்சவீடோ அதுபோன்ற அமைப்போ அதன்மேல் கட்டப்பட்டிருந்தால், அல்லது அப்படி வரைவதைப் பொதுவான சர்வதேச அங்கீகாரம் ஏற்றிருந்தால் மட்டுமே விலக்கு. வாக்கியம் இயல்பாக ஓடுகிறது. உறுப்புரை 60இல் செயற்கைத் தீவு வருகிறது. அதைச் சுற்றி ஆகக்கூடியது பொதுவாக 500 மீற்றர் பாதுகாப்பு வலயம்தான், ஆட்புலக் கடல் கிடையாது. வற்றுமேட்டில் மணல் கொட்டி உயர்த்தினாலும் 'இயற்கையாக உருவான' என்ற நிபந்தனை தடுத்துவிடும். தென்சீனக் கடல் வழக்கின் 2016 தீர்ப்பு, மிஸ்சீஃப் ரீஃப் என்ற முருகைக்கல் அமைப்பை, அதன்மேல் எழுப்பிய கட்டுமானங்களைக் கணக்கில் எடுக்காமல் வற்றுமேடாகவே வகைப்படுத்தியது. (நமது கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரை இங்கே யாரும் இழுக்கவேண்டாம். அது கரையோடு ஒட்டிய நிரப்பு நிலம், தீவே அல்ல.)

முட்டுவது வேறிடத்தில். உறுப்புரை 121இன் மூன்றாம் பந்தி, மனிதர் வாழவோ தனக்கென்று பொருளாதார வாழ்வு கொள்ளவோ முடியாத 'ரொக்' களுக்குப் பிரத்தியேக பொருளாதார வலயமும் கண்டமேடையும் இல்லை என்கிறது. பாறை என்று நேரே போட்டால், மணலால் ஆன தீடை தப்பிவிடும் என்று வாசகர் நினைப்பார். அதே 2016 தீர்ப்பு, அந்தச் சொல் கல்லைத்தான் குறிக்கவேண்டும் என்றில்லை எனத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் நான் 'பாறை' யிலேயே நிற்கிறேன். மூலத்தில் இருக்கும் இடர்ப்பாட்டை மொழிபெயர்ப்பாளர் தீர்த்துவைக்கக்கூடாது. விளக்கக் குறிப்பில் சொல்லலாம்.

அனுப்புநர்: மாணவர், தெமட்டகொடை

ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் 'வற்று' என்றால் குளம் வற்றுவதுதான். அவர்கள் பாடநூலில் ஓதம், உயர் ஓதம், தாழ் ஓதம். 'ஓதமேடு' என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்காதா?

அனுப்புநர்: கடல் அளவை, முகத்துவாரம்

தம்பி, ஓதம் என்பது வற்றையும் பெருக்கையும் சேர்த்துச் சொல்வது. எந்த நேரத்தில் தெரியும் என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். 'தாழோதமேடு' என்றால் சரி, ஆனால் வாய்க்கு வராது. அதை ஒத்தசொல்லாக அடைப்பில் போடலாம். வற்றுமேட்டுக்கு என் சம்மதம்.

ஆனால் வரைவிலக்கணத்தோடு எப்படித் தீர்மானிப்பது என்ற பந்தியும் வேண்டும். இல்லாவிட்டால் செய்மதிப் படத்தைப் பார்த்து ஆளாளுக்குப் பெயர் வைப்பார்கள்.

முதலில் மட்டக்கோல் (நீர்மட்டத்தை வாசிக்கும் அளவுகோல்). அருகிலுள்ள ஒதுக்கமான துறையில் நட்டு, கரையில் நிலையான ஒரு குறியோடு மட்டம் பிணைக்கவேண்டும்; கோல் சாய்ந்தாலும் கணக்குத் தப்பும். ஒரு முழுச் சுற்று 24 மணி 50 நிமிடம். அது போதாது, பறுவமும் அமாவாசையும் உள்ளே வரும்படி 29 நாள் எடுத்தால்தான் அந்த இடத்தின் வற்றுப்பெருக்கைப் பிரித்தறியலாம். பிறகு தாழ்ந்த வற்றில் மேட்டின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதே நிமிடத்தில் கோலில் வாசித்த அளவோடு சேர்த்தால் கோலின் பூச்சியத்துக்கு மேல் உயரம் கிடைக்கும். அது உயர்நீர் மட்டத்தைத் தாண்டினால் தீவு, தாண்டாவிட்டால் வற்றுமேடு. ஜி.பி.எஸ். கருவி தரும் உயரத்தை அப்படியே போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த உயரம் கணித நீள்கோளத்திலிருந்து வருவது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. திருத்தாமல் விட்டால் நமது கரையில் நூறு மீற்றர் அளவுக்குப் பிழைக்கும்.

எந்த உயர்நீர் மட்டம் என்று சமவாயம் சொல்லவில்லை. அதனால் அறிக்கையில் எதை எடுத்தோம் என்று எழுதியே ஆகவேண்டும். அலை தெறித்து மேலே ஏறுவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சோளகக் காலத்தில் அலையின் உயரம் வற்றுப்பெருக்கின் முழு இடைவெளியையும் மிஞ்சும். 'தண்ணீர் மேலே ஏறியதைக் கண்டோம்' என்பது சான்றாகாது. மேட்டில் அடம்பன் கொடியோ இராவணன் மீசையோ வேர்பிடித்திருந்தால் சாதாரணப் பெருக்கு அங்கே ஏறுவதில்லை என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

செய்மதிப் படம்: சென்டினல் 2 எப்போதும் உள்ளூர் நேரம் காலை 10.30 அளவில் கடக்கிறது, ஒரு புள்ளி 10 மீற்றர். நேரம் மாறாததால் சூரியனால் வரும் வற்றுப்பெருக்குக் கூறு ஒரே நிலையிலேயே பிடிபடும். எத்தனை படம் அடுக்கினாலும் மிகத் தாழ்ந்த வற்று அவற்றில் இல்லாமல் போகலாம்.

தீவு நிலை மாறுவதற்கு விலாங்குசல்லியையும் பூவரசன்பட்டியையும் உதாரணமாகப் போடுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு அவை. சுற்றியிருந்த முருகைக்கல்லை வெட்டி எடுத்ததால் அலைத்தடுப்புப் போய், மணல் கரைந்து, இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பெயர்ப்பட்டியலில் 21 என்ற எண் மட்டும் நிற்கிறது.

அனுப்புநர்: சட்ட மொழிபெயர்ப்பு, வெள்ளவத்தை

பட்டியலுக்குப் போகும் பதிவு:

வற்றுமேடு: இயற்கையாக உருவாகி, நீரால் சூழப்பட்டு, வற்றில் நீர்மட்டத்துக்கு மேலும் பெருக்கில் கீழும் இருக்கும் நிலப்பகுதி, எப்பொருளால் ஆனதாயினும் ஆகலாம். ஒத்தசொல்: தாழோதமேடு. தீவு, பார், வற்றுவழித் தீவு ஆகியவற்றையும் காண்க.

தீடை, சல்லி இரண்டையும் தனிப் பதிவாக, கடற்றொழில் வழக்கு என்ற குறிப்போடு சேர்க்கிறேன். முருகைக்கல் உடைவு குவிந்த தாழ்ந்த தீவுக்கு, மேலே நிற்கும்வரை, 'சல்லித்தீவு' என்று வைக்கலாம் என நினைக்கிறேன்.

சேருக்கு ஒன்று. பட்டியல் வரைவில் 'ஐலெட்' டுக்கு நீங்கள் போட்ட சிறுதீவு இடிக்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் சிறுத்தீவு என்று ஒரு தீவே இருக்கிறது. ஒற்று மிகுந்தால் இடம், மிகாவிட்டால் வகை என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது. குறுந்தீவு சரிவருமா என்று தனி இழையில் எழுதுங்கள்.