ஏர்கோன் கணக்கு எங்கே தப்புகிறது?

செம்பனைக்காட்டான்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பா இருக்கும் பழைய வீடு. மார்ச் வெயில் தாங்காமல் அவர் அறையில் ஒரு ஹெச்பி (குதிரைத்திறன்) ஏர்கோன், அதாவது ஏசி மாட்டினேன், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் இல்லாதது. மாதம் 300 யூனிட் ஓடிய வீட்டில் இப்போது 492. பில் 65 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 160 ஆகிவிட்டது. யூனிட் 44 சென்தானே? 192 யூனிட்டுக்கு 85 வெள்ளி கூடியிருந்தால் சரி. மீதிப் பத்து எங்கிருந்து வந்தது?

லயத்துவாசி:
தம்பி, பத்து வெள்ளியை விடுங்கள். 85 மட்டும் எதற்கு? தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே ஏழு பேர் படுத்து வளர்ந்தோம். மேசைக் காற்றாடி எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் வராது. உங்கள் ஏர்கோன் அதே நேரத்தில் ஆறு யூனிட்டுக்கு மேல் விழுங்குகிறது. அந்தக் காசில் கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் அடியுங்கள்.

செம்பனைக்காட்டான்:
அண்ணே, அப்பாவுக்கு 74 வயது, இதய மருந்து சாப்பிடுகிறார். பகலெல்லாம் காய்ந்த கூரை நடுநிசி வரை சூட்டை இறக்குகிறது. காற்றாடி அந்தச் சூட்டைத்தான் அவர் மேல் வீசுகிறது. அவரைக் காற்றாடியில் படுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒயர்மேன்:
அந்தப் பத்து வெள்ளிக்குக் காரணம் சலுகை. 2025 ஜூலை முதல் வந்த கட்டணத்தில், 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குச் சிக்கனச் சலுகை உண்டு. மொத்த யூனிட் ஏற ஏற, யூனிட்டுக்குக் கழிக்கும் சென் குறையும். குறைந்த அந்த விகிதம்தான் பழைய 300 யூனிட்டுக்கும். அதனால் ஏர்கோனை மட்டும் பெருக்கினால் கணக்கு இடிக்கும். வீட்டின் மொத்தத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ஹெச்பியை 746 வாட் என்று பெருக்காதீர்கள். கடையில் சொல்லும் ஹெச்பி குளிரூட்டும் அளவு, மணிக்குச் சுமார் 9,000 பிடியு (வெப்ப அலகு). மின்சாரம் எவ்வளவு என்பது வெளிப்பெட்டியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அப்புறம், 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. உங்களுடையது எதில் வைத்தாலும் ஒரே வேகம்தான், நிற்கத்தான் நேரமாகும். 25இல் வைத்து, காற்றாடியையும் மெதுவாக ஓட விடுங்கள். வடிகட்டியை மாதம் இருமுறை கழுவுங்கள்.

லயத்துவாசி:
25இல் வைத்துக் காற்றாடியும் போடுவது சரி, ஒத்துக்கொள்கிறேன். பெரியவர் உடம்புதான் முதலில். ஆனால் கூரையை அப்படியே விட்டால் ஏர்கோன் இரவெல்லாம் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். கதவடி இடுக்கையும் அடையுங்கள்.

செம்பனைக்காட்டான்:
சரி அண்ணே, தாள் விலை கேட்கிறேன். இன்று இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைப் படம் எடுத்துப் போடுகிறேன். முதல் நாள் 20இல், மறுநாள் 25இல்.