மொபைல் ஸ்கோர் ஒரு தடவை 52, மறு தடவை 84: பாப்அப்தான் காரணமா?

பெருமாள்மலை ஹோம்ஸ்டே:
வணக்கம். கொடைக்கானல் வழியில் அப்பா நடத்தும் மூன்று அறை ஹோம்ஸ்டேவுக்கு வேர்ட்பிரஸில் தளம் போட்டிருக்கிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) கட்டாயமானதில் இருந்து, அது தெரியாமல் கிளம்பிவிட்டுப் பாதி வழியில் போன் போடுகிறவர்கள் உண்டு. அதனால் "இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு பாப்அப் வைத்தேன். 5 வினாடியில் வரும், பின்னணியில் தூண் பாறை படம். மேலே சீசன் தள்ளுபடிப் பட்டை வேறு.

கூகுளின் வேகச் சோதனையான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் ஸ்கோர் 100க்கு 52. எதையும் தொடாமல் மறுபடி ஓட்டினால் 84. என் போனிலோ தளம் சட்டென்று திறக்கிறது, பாப்அப்பே வருவதில்லை. ஹோஸ்டிங்கை மாற்றிவிடலாமா?

கோத்தகிரி வெப்:
ஹோஸ்டிங்கைத் தொடாதீர்கள் தம்பி. என்றைக்கோ பாப்அப்பை மூடியிருப்பீர்கள், அதைக் குக்கி நினைவு வைத்திருக்கிறது. சோதனைக்கு அந்த நினைவு கிடையாது. ஒவ்வொரு தடவையும் புது விருந்தாளி, அதுவும் மந்தமான 4ஜியும் சுமாரான போனுமாக. இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள்.

ஸ்கோர் ஆடுவதற்கு எனக்கு அந்த 5 வினாடி மேல்தான் சந்தேகம். நெட்வொர்க்கும் பிராசஸரும் ஓயும் வரை காத்திருந்துதான் லைட்ஹவுஸ் (அந்தச் சோதனையை ஓட்டும் கருவி) கணக்கை மூடும். பாப்அப் அதற்குள் வந்தால் கணக்கில் சேரும், பிந்தினால் தப்பிக்கும். சேர்ந்து, அதன் படம் முகப்புப் படத்தைவிடத் திரையில் பெரிதாகவும் இருந்தால், அதையே எல்சிபி (திரையின் மிகப் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் எல்சிபி எலிமென்ட் எது என்று இருக்கும். படம் எத்தனை எம்பி?

பெருமாள்மலை ஹோம்ஸ்டே:
52 வந்த ரிப்போர்ட்டில் தூண் பாறைதான் உட்கார்ந்திருக்கிறது! 84இல் முகப்புப் படம். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறேன், 2.3 எம்பி. வெட்கமாக இருக்கிறது. சரி, 5 வினாடியை 20 ஆக்கிவிட்டேன். மூன்று தடவை ஓட்டியும் 80க்குக் கீழே இறங்கவில்லை. வேலை முடிந்தது, நன்றி அண்ணா.

கோத்தகிரி வெப்:
எங்கே முடிந்தது? சோதனையின் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மலைப்பாதையில் டம்டம் பாறைப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் ஒருவர் உங்கள் நம்பரைத் தேடுகிறார். அதை அமுக்கப் போகும் நேரம் பார்த்துப் பாப்அப் வந்து மறைக்கும். அந்த 2.3 எம்பியும் அவர் டேட்டாவில்தான் இறங்கும். உங்களுடையது போன்ற சின்னத் தளத்துக்குக் கூகுளிடம் நிஜப் பயனர்களின் வேக அளவீடு பெரும்பாலும் சேர்வதே இல்லை. அவர் பட்ட பாடு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. மொபைலில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்அப் உள்ள பக்கங்களைத் தேடலில் பின்தள்ளலாம் என்று கூகுள் 2016 ஆகஸ்டிலேயே சொல்லி, 2017 ஜனவரியில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது.

குன்னூர் டிசைனர்:
நடுவில் நுழைகிறேன். அந்தப் பட்டையை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? மிதக்கும் பாப்அப் எதையும் நகர்த்தாது. தாமதமாக வந்து பக்கத்தையே கீழே தள்ளும் பட்டைதான் சிஎல்எஸ்ஸை (பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்ற அளவு) ஏற்றும். 0.1க்குள் இருக்க வேண்டும். பயனர் தட்டி 500 மில்லி வினாடிக்குள் நகர்ந்தால் மன்னிப்பு உண்டு, ஆனால் ஸ்க்ரோல் செய்வது தட்டியதாக ஆகாது. பட்டைக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், பாப்அப் காட்டாத பக்கங்களிலும் பாப்அப் ப்ளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) தன் ஸ்கிரிப்டை இறக்குகிறதா என்று பாருங்கள். பல ப்ளக்இன்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. குரோம் டெவ்டூல்ஸில் அந்த ஒரு கோப்பை மட்டும் தடுத்துவிட்டு ஐந்து தடவை, தடுக்காமல் ஐந்து தடவை ஓட்டி, நடுவில் வரும் எண்களை ஒப்பிடுங்கள். ஒரே ஓட்டத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பெருமாள்மலை ஹோம்ஸ்டே:
எல்லாப் பக்கத்திலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ப்ளக்இன்னையே தூக்கிவிட்டேன். புக்கிங் பட்டனுக்கு மேலே இ-பாஸ் பற்றி ஒரு வரி, தட்டினால் விவரம் விரியும். பட்டைக்கும் இடம் ஒதுக்கியாயிற்று. ஐந்து ஓட்டம்: 88, 91, 90, 90, 87.

தூண் பாறை எங்கே என்று அப்பா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். 120 கேபியாகச் சுருக்கி, அறைகள் பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறேன்.