மூணாறு மியூசியத்தில் ஒரு ரயில் சக்கரம்

போடிப் பையன்:

டாப் ஸ்டேஷன் போகத்தான் கிளம்பினோம். மாட்டுப்பட்டி தாண்டும்போதே முன்னால் போன ஜீப்பின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி, கூடவே மழை. "இதுல அங்க போயி என்னத்தடா பாக்கப்போற?" என்று அம்மா கேட்டாள். நியாயம்தான். வண்டியைத் திருப்பி மூணாறுக்கே வந்து, நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை மியூசியத்துக்குள் நுழைந்தோம். உண்மையைச் சொன்னால் மழைக்கு ஒதுங்கியதுதான்.

சின்ன இடம். பராக்குப் பார்க்காமல் நடந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். மலையின் கதையை ஒரு படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். 1877-இல் பூஞ்சாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் ஐம்பது ஏக்கர் அளவுக்கு முதல் தேயிலையை நட்டார். நாம் கடையில் பார்க்கும் கண்ணன் தேவன் டீயெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

உள்ளே தட்டச்சுப் பொறி, கையால் சுற்றும் கணக்கு மெஷின், பழைய டெலிபோன், 1905-ஆம் வருடத்து தேயிலை ரோலர் எல்லாம் இருக்கின்றன. பங்களாவில் துரைமார் குளித்த மரத்தொட்டியும் உண்டு. அதன் முன்னால் அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். "இத நெரப்புறதுக்கு வெந்நி சொமந்தவ எத்தன நடை நடந்திருப்பா?" என்றாள். என் பாட்டி கொழுந்து எடுத்தவள்.

இதற்கெல்லாம் நின்றவள் ரயில் சக்கரத்தைப் பார்த்ததும் நகரவே மாட்டேன் என்றுவிட்டாள். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலின் எஞ்சின் சக்கரம் அது.

அம்மாவின் அப்பா குண்டளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவர். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்தோடு போடிக்கு இறங்கிவிட்டார்கள். "மூணாத்துல ரயிலு ஓடுச்சு, நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தெருவே சிரிக்குமாம். பஸ் ஏறவே முக்குகிற மலையில் ஏது ரயில்? அம்மாவும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறாள். தாத்தாவுக்கு 'ரயிலு' என்றே பட்டப்பெயர்.

தாத்தா சொன்னது அத்தனையும் நிஜம். 1902-இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், பெட்டி சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. மலையாள வருடம் 1099 என்பதால் கேரளத்துப் பெரியவர்கள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ரயிலை மறுபடி யாரும் கட்டவில்லை. மூணாறு ஸ்டேஷனாக இருந்த கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனி ஆபீஸ்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொடலாமா கூடாதா என்றெல்லாம் கேட்காமல், சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். "எங்கப்பா புளுகல" என்றாள். அவ்வளவுதான். வெளியே கொடுத்த டீயைக் குடிக்கும்வரை வேறொன்றும் பேசவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். போகிறவர்களுக்கு ஒன்று, திங்கட்கிழமை லீவு.

குரங்கணி வாசி:

தம்பி, நீங்கள் டாப் ஸ்டேஷன் போகாததால் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள்! அங்கே வியூ பார்க்க வருகிற பாதிப் பேருக்கு அது எதற்கு 'ஸ்டேஷன்' என்று தெரியாது. உங்கள் தாத்தாவின் ரயில் அங்கேதான் வந்து நிற்கும். அங்கிருந்து கீழே எங்கள் பக்கத்துக் கொட்டகுடிவரை ரோப்வே. கீழே இருந்ததற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கி இறங்கும், இங்கிருந்து அரிசியும் சாமானும் ஏறும். கொட்டகுடியில் இறங்கிய பெட்டி மாட்டுவண்டியில் போடிக்குப் போய், அப்புறம் தூத்துக்குடியில் கப்பல் ஏறும்.

நான் சின்ன வயதில் மலைப்பாதையில் ஏறும்போது ரோப்வேயின் மிச்சங்களைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பழைய கோட்டை என்றுதான் அப்போது நினைத்தேன். மியூசியத்தில் சக்கரத்தைப் பார்த்தபிறகுதான் இரண்டும் ஒரே கதை என்று உறைத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் காட்டுக்குள் ஏறிவிடாதீர்கள். 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது, கூடவும் கூடாது.

நாசரேத்துக்காரி:

ரயில் பேச்சில் சூரியக் கடிகாரத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! அதே மியூசியத்தில் கருங்கல் மேல் வைத்திருக்கிறார்கள். கணவரும் பிள்ளைகளும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் சும்மா குனிந்து விவரத்தைப் படித்தேன். 1913-இல் செய்தது. செய்த இடம், நாசரேத் ஆர்ட் இண்டஸ்ட்ரியல் பள்ளி. எங்கள் ஊர்! தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கேனன் மர்காசிஸ் என்ற மிஷனரி எங்கள் ஊரில் ஆரம்பித்த தொழிற்பள்ளி. "ஏய், இங்க வாங்க, இது நம்ம ஊரு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் பயந்துபோனது. தேரிக்காட்டு ஓரத்துப் பையன்கள் செய்த கடிகாரம், வருடத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப்பார்க்காத மலைக்கு எப்படி வந்தது என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு.

நான் பள்ளியில் பூகோளம் எடுப்பவள், அதனால் ஒரு உபரித் தகவல். மூணாறில் அதை வெயிலில் வைத்தால் நம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. நம் கடிகார நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, மூணாறு 77-க்குப் பக்கத்தில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சராசரியாக இருபத்திரண்டு நிமிடம் பின்னால் காட்டும். பிப்ரவரியில் அரைமணிக்கும் மேலே, நவம்பர் தொடக்கத்தில் ஐந்தாறு நிமிடம்தான். கடிகாரத்தில் பிழையில்லை, சூரியனின் கணக்கு வேறு.

போடிப் பையன்:

அக்கா, இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் எங்கப்பா பொழுதப் பாத்து மணி சொல்லிச் சொல்லியே எல்லா பஸ்ஸையும் விட்டாரு" என்றாள்.