உவர்த்தன்மை வரைபடத்துக்கு நிறத்தட்டு அமைப்பது எப்படி?

வாவிக்கரை மாணவி:
வணக்கம். மட்டக்களப்பு வாவியில் முகத்துவாரத்திலிருந்து மண்முனைப் பாலம் வரை எடுத்த நீர் மாதிரிகளின் உவர்த்தன்மையை, மாரி மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வரைபடங்களில் காட்ட விரும்புகிறேன். நீலம், சயன், மஞ்சள், சிவப்பு என நானே நான்கு நிறங்களைத் தெரிந்து பைதன் மொழியின் வரைபட நிரலகமான மெட்பிளொட்லிப்பில், மதிப்புகளுக்கு நிறம் கொடுக்கும் ஒரு தட்டு அமைத்தேன். கல்லடிப் பாலத்தருகே மஞ்சள் ஒரு பட்டியாக விழுந்ததைக் கண்ட மேற்பார்வையாளர், அங்கே இரு வேறு நீர்கள் சந்திக்கின்றனவா என்று கேட்டார். என் அளவீடுகள் அவ்விடத்தில் படிப்படியாகவே குறைகின்றன. இல்லாத எல்லை எங்கிருந்து வந்தது?

ஏறாவூர் நிரலர்:
சகோதரி, மதிப்பின் ஏற்ற இறக்கத்தை நம் கண் பெரும்பாலும் ஒளிர்வைக் கொண்டே வாசிக்கிறது. லாப் என்பது நிறங்களைக் கண்ணுக்குத் தெரியும் விதத்துக்கேற்ப எண்களால் குறிக்கும் முறை. கறுப்பின் ஒளிர்வை 0, வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொள்ளும் இந்த நிறவெளியில் தூய நீலத்தின் ஒளிர்வு 32, சயனுக்கு 91, மஞ்சளுக்கு 97, சிவப்புக்கு 53. உங்கள் தட்டு மஞ்சளில் உச்சியைத் தொட்டுவிட்டுச் சரிகிறது. அந்த உச்சியே பாலத்தடியில் எல்லையாகத் தெரிந்தது. பழைய ஜெட் தட்டுக்கும் இதே குறை உண்டு. 2017இல் வெளியான மெட்பிளொட்லிப் 2.0, ஜெட்டைக் கைவிட்டு விரிடிஸை இயல்புத் தட்டாக ஏற்றது.

ஆகவே ஒளிர்வை முதலில் தீர்மானியுங்கள். குறைந்த உவர்ப்புக்கு 90, நடுவுக்கு 55, கூடியதற்கு 20 என வைத்து, வெளிர்மஞ்சள், நீலப்பச்சை, கடுநீலம் என நிறம் கொடுத்து, இடைநிறங்களையும் லாப் வெளியிலேயே கணியுங்கள். பின்னர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சாம்பல் சீராகக் கறுத்துக்கொண்டே சென்றால் தட்டு சரியானது.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
எனக்குப் பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். மாணவர்கள் கொண்டுவரும் வரைபடங்களில் அவ்விரண்டும் ஒரே கபிலமாகத் தெரிவதால், எந்த இடம் எந்த நிறம் என்று அவர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. நிரலர் சொன்ன தட்டை என்னால் துணையின்றி வாசிக்க முடியும் என்பதால் அதை மனமார ஆதரிக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள், மகள். இரண்டு வரைபடங்களின் தட்டுக்கும் ஒரே கீழ், மேல் எல்லைகளைக் கொடுங்கள். ஆயிரத்துக்கு 0 முதல் கடல்நீரின் 35 வரை என்பது பொருத்தமாக இருக்கும், உங்கள் அளவீடு அதைத் தாண்டினால் மேலெல்லையை உயர்த்துங்கள். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு படத்தின் உச்ச மதிப்புக்கும் கடுநீலத்தைக் கொடுத்துவிடும். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வெள்ளம் வடிந்த காலத்து நீரும் கோடையின் உவர்நீரும் அப்போது ஒன்றுபோலத் தோன்றும்.

வாவிக்கரை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. புதிய தட்டில் பாலத்தருகே இருந்த பட்டி முற்றாக மறைந்துவிட்டது. இரண்டு காலங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை மூன்றாவது படமாக வரைய இதே தட்டு போதுமா?

ஏறாவூர் நிரலர்:
போதாது. வித்தியாசத்துக்குக் குறைவு, கூடுதல் என இரு திசைகள் இருப்பதால், பூச்சியத்தில் வெள்ளையும் ஒருபுறம் நீலமும் மறுபுறம் செம்மஞ்சளும் உள்ள இருபக்கத் தட்டு தேவை. உவர்ப்பு 25 வரை குறைந்து 5 மட்டுமே கூடியிருந்தாலும், எல்லைகளை −25, +25 என்றே வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை பூச்சியத்தை விட்டு நகர்ந்து, மாறாத இடமும் மாறியதாகத் தெரியும்.