கலைச்சொல் விவாதம்: சீனாவின் ‘ஹாய்மியான் செங்ஷி’க்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலானவை ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து கிளம்பியவை. ஆனால் இது, பெய்யும் மழைநீரை ஊரே பஞ்சு போல உள்வாங்கிப் பிடித்துவைத்துப் பயன்படுத்துவதற்காகச் சீனர்கள் தங்கள் ஊர்களுக்காக வகுத்து, விதி செய்து, பணம் ஒதுக்கி நடத்தும் திட்டம். சீனத்தில் அதன் பெயர் ஹாய்மியான் செங்ஷி. ‘செங்ஷி’ என்றால் நகரம். ‘ஹாய்’ கடல், ‘மியான்’ பட்டுப்பஞ்சு. அதாவது கடற்பஞ்சு. நம் விலங்கியல் நூல்களில் துளையுடலிகள் என்ற நீர்வாழ் உயிர்களுக்கு வழங்கும் ‘கடற்பஞ்சு’ என்ற சொல்லும் இதே அமைப்புதான், கடல் கூட்டல் பஞ்சு. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் சீனத்திலிருந்து நேராகவே தமிழுக்கு வந்துவிடலாம். எனவே என் தெரிவு ‘கடற்பஞ்சு நகரம்’. ஏன் மற்றவை வேண்டாம் என்கிறேன், பெயரோடு வேறு என்ன வேண்டும் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

> ‘பஞ்சு நகரம்’ போதுமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் தமிழில் பஞ்சு என்றால் பருத்திப் பஞ்சு. ‘பஞ்சு நகரம்’ என்று தலைப்பிட்டால் நூற்பாலைகள் நிறைந்த ஊரைப் பற்றிய கட்டுரை என்றே படிப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கடற்பாசி நகரம்’ என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். கணினி மொழிபெயர்ப்பு தருவதை அப்படியே எடுத்துப் போடுவதால் வருகிற வினை. கடற்பாசி என்பது நீர்த்தாவரம் போன்ற வேறோர் உயிர், மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுப்பது. அது பரவுவதற்குள் நாம் ஒரு சொல்லை உறுதி செய்துவிட்டால் நல்லது.

அடுத்து, பொறியாளர் ஐயா முன்மொழிந்த ‘வெள்ளம் தாங்கு நகரம்’. இதைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். காரணம் சொல்லில் இல்லை, 2021இல் வெள்ளத்தில் மூழ்கிய ஜெங்ஜோ என்ற சீன நகரில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2012 ஜூலை 21 அன்று பெய்ஜிங்கில் கொட்டிய மழையில் 79 பேர் இறந்தார்கள். நாட்டின் தலைநகரிலேயே கார்கள் சுரங்கப்பாதையில் மூழ்கியது பெரும் அதிர்ச்சி. 2013 டிசம்பரில் நகரமயமாக்கல் பற்றிய மத்திய மாநாட்டில் ஷி ஜின்பிங், மழைநீர் இயற்கையாகச் சேர்ந்து, இயற்கையாக மண்ணில் இறங்கி, இயற்கையாகத் தூய்மையாகும் கடற்பஞ்சு நகரங்களைக் கட்ட வேண்டும் என்றார். 2014இல் வீட்டுவசதி, ஊரக நகர வளர்ச்சி அமைச்சகம் தொழில்நுட்ப வழிகாட்டி வெளியிட்டது. 2015இல் 16 நகரங்கள், 2016இல் இன்னும் 14 நகரங்கள் முன்னோடிகளாகத் தேர்வாயின. மாகாணத் தலைநகருக்கு ஆண்டுக்கு 50 கோடி யுவான், மற்ற ஊர்களுக்கு 40 கோடி, மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள மாநகரங்களுக்கு 60 கோடி என்று மூன்று ஆண்டுகளுக்கு மானியம். 2015 அக்டோபரில் அரசவை (சீனாவின் மத்திய அமைச்சரவை) வைத்த இலக்கு: பெய்யும் மழையில் 70 விழுக்காடு அந்தந்த இடத்திலேயே உள்வாங்கப்பட்டுப் பயன்பட வேண்டும், நகரக் கட்டடப் பரப்பில் 20 விழுக்காடு 2020க்குள்ளும், 80 விழுக்காடு 2030க்குள்ளும் இந்த நிலைக்கு வர வேண்டும்.

இந்த 70 விழுக்காடு என்பது ஆண்டு முழுக்கப் பெய்யும் மழைக்கான கணக்கு. ஆண்டில் பெரும்பாலான மழை சிறுமழைதான். பெய்ஜிங் போன்ற ஊரில் ஒரு நாளில் 20, 30 மி.மீ. வரை பெய்வதை உள்வாங்கினாலே இந்த இலக்கைத் தொட்டுவிடலாம். இனி ஜெங்ஜோவைப் பாருங்கள். 2021 ஜூலை 20 மாலை ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை. மூன்று நாளில் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஐந்தாம் வழித்தட மெட்ரோ ரயிலுக்குள் நீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். நகரில் மட்டும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 380 பேர். ஜெங்ஜோ அந்த 30 நகரங்களில் ஒன்றல்ல, ஆனால் தானும் கடற்பஞ்சு நகரமாவதாக அறிவித்து 53 பில்லியன் யுவானுக்கும் மேல் திட்டமிட்டிருந்த ஊர். ‘இவ்வளவு செலவழித்தும் இப்படியா?’ என்று மக்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அப்படியொரு மழையைத் தாங்குவதாக அந்தத் திட்டம் எங்கேயும் உறுதி தரவில்லை. ‘வெள்ளம் தாங்கு நகரம்’ என்று நாம் பெயர் வைத்தால், திட்டம் தராத உறுதியை நம் சொல் தந்துவிடும். ஆற்றங்கரையில் வீடு வாங்குகிற ஒருவர் அந்தப் பெயரை நம்பி வாங்கினால் அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

ஜெங்ஜோவில் இன்னொரு செய்தியும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 2022 ஜனவரியில் வந்த அரசவையின் விசாரணை அறிக்கை, அந்நகரம் 2018 முதல் கடற்பஞ்சுத் திட்டங்களுக்கு என்று ஒதுக்கியதில் உண்மையில் அதோடு தொடர்புடைய முதலீடு 32 விழுக்காடுதான், 56 விழுக்காடு அளவுக்கு அழகுபடுத்தவும் மரம் செடி நடவும் போயிற்று என்று கண்டது. பூச்செடி வைத்தாலும் கடற்பஞ்சு, நடைபாதைக்குக் கல் பதித்தாலும் கடற்பஞ்சு. சொல்லின் எல்லை தளர்ந்தால் பணம் எங்கே போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான் பெயர் மட்டும் முடிவு செய்துவிட்டு எழுந்துவிடக் கூடாது, அதன் வரையறைச் சொற்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

வரையறை சீனத்திலேயே அழகாக இருக்கிறது. ஆறே எழுத்துகள், ஆறு வினைகள்: ஷென், ஜி, ஷு, ஜிங், யோங், பாய். பொறியாளர், தோட்டக்காரர், மேயர் எல்லாருக்கும் இவை மனப்பாடம். ஒரு திட்டம் இந்த ஆறில் எதைச் செய்கிறது என்று கேட்டாலே வெறும் பூங்காவையும் கடற்பஞ்சுப் பூங்காவையும் பிரித்துவிடலாம். இவற்றுக்கு இதே வரிசையில் நான் முன்வைக்கும் தமிழ்ச் சொற்கள்: சுவறுதல், தணிதல், தங்குதல், தெளிதல், பயன்படுதல், வடிதல்.

‘ஷென்’ என்பதற்குப் பாடநூல்களில் ‘ஊடுருவல்’ இருக்கிறது. அது எல்லை தாண்டி வருபவர்களுக்கும் வழங்குகிற சொல், காதில் கரடுமுரடாக விழுகிறது. ‘ஊறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கிணற்றில் ஊறல் நன்றாக இருக்கிறது என்றால் நீர் வெளியே சுரக்கிறது என்று பொருள், திசை நேர்மாறாகிவிடும். ‘தண்ணி மண்ணுல சுவறிடுச்சு’ என்பது இன்றும் கிராமங்களில் கேட்கிற பேச்சு. அகராதியிலும் உண்டு. இப்படிப் பொருத்தமான சொல் உயிரோடு இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

‘ஷு’ என்பதற்குத் ‘தேங்குதல்’தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தெருவில் சாக்கடை தேங்குவதும் தேங்குதல்தான். குளத்தில் தண்ணீர் தங்குகிறது என்று சொல்கிற ‘தங்குதல்’ அந்தக் கறை இல்லாதது. ‘ஜிங்’ என்பதற்கு ‘சுத்திகரிப்பு’ என்றால் எந்திரமும் மின்சாரமும் நினைவுக்கு வருகின்றன. இங்கே நாணலும் கோரையும் வண்டலைப் பிடித்துவைக்க, நீர் மெல்லத் தெளிகிறது. அதைத் ‘தெளிதல்’ என்றால் போதும்.

எல்லாவற்றையும் தன்வினையாகவே வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுவற்றுதல், தணித்தல், தெளிவித்தல் என்று பிறவினையில் சொன்னால் செய்கிறவர் பொறியாளர் ஆகிவிடுவார். நீரைத் தன் போக்கில் விடு, இடம் மட்டும் கொடு என்பதுதான் இந்தச் சிந்தனையின் உயிர். அதை வளர்த்த நிலக்காட்சி வடிவமைப்பாளர் யூ கொங்ஜியான் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் அதுவே. ஜெஜியாங் மாகாணத்தில் ஜின்ஹுவா அருகே ஒரு சிற்றூரில் 1963இல் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, பீகிங் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தன் நிறுவனத்துக்குச் சீனத்தில் ‘துரென்’, மண்ணின் ஆள், என்று பெயர் வைத்தார். ஹார்பினில் அவர் செய்த சுன்லி பூங்கா 34 ஹெக்டேர். சுற்றிலும் புதிய நகரம் எழுந்ததால் வற்றிக்கொண்டிருந்த சதுப்பு நிலம் அது. நடுப்பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, ஓரத்தில் மட்டும் குழியும் மேடுமாக வெட்டிக் குவித்து, நகரத்தின் மழைநீரை அந்தக் குழிகளில் இறக்கினார். நீர் அங்கே தெளிந்து உள்ளே போக, சதுப்பு மீண்டது. தன் சொந்த ஜின்ஹுவாவில் யான்வெய்ஜோ பூங்காவில் கான்கிரீட் வெள்ளச் சுவரை எடுத்துவிட்டுப் படிப்படியான கரைகளை அமைத்தார். மழைக்காலத்தில் பூங்கா மூழ்கும். மக்கள் நடக்கும் பாலம் மேலே நிற்கும். மூழ்கட்டும் என்றே கட்டிய பூங்கா! 2025 செப்டம்பரில் பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலப் பகுதியில் விமான விபத்தில் அவர் இறந்தபோது, நீரை நேசிக்கிற பல நாட்டவருக்கும் அது சொந்த இழப்பாக இருந்தது. எனக்கும்தான்.

> எதற்கு மொழிபெயர்ப்பு? நம் ஏரி குளம்தானே இது. ‘ஏரி நகரம்’ என்றே சொல்லலாம்.

அண்ணா, உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் அந்த அறிவு சீனர்களுக்கும் சொந்தமாகவே உண்டு. முத்து ஆற்றுக் கழிமுகத்திலும் ஹுஜோவிலும் குளத்தில் மீனும் கரையில் முசுக்கொட்டையுமாக வளர்த்தார்கள். மரத்தின் இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் கழிவு மீனுக்கு, குளத்து வண்டல் மரத்துக்கு. கான்ஜோ நகரில் சோங் அரசர் காலத்து ஃபூஷோகோ வடிகால், ஊருக்குள் இருந்த குளங்களோடு இணைத்துக் கட்டப்பட்டது. இன்றும் நீர் ஓடுகிறது. இவற்றிலிருந்து அவர்கள் எடுத்துச் செய்ததை ‘நம்முடையதுதான்’ என்று பெயர் மாற்றி எழுதினால் செய்தவருக்கும் நியாயமில்லை, படிப்பவருக்கும் தெளிவில்லை. ஏரி என்பது இதன் ஓர் உறுப்புதான். நீர் சுவறும் நடைபாதை, கூரைத் தோட்டம், சாலையோரப் பள்ளப் பாத்தி எல்லாம் ஏரிக்குள் அடங்காது.

இழையில் வந்த ‘உறிஞ்சு நகரம்’ பற்றி ஒரு சொல்: ஆறு வினைகளில் அது முதலாவதை மட்டுமே சொல்கிறது. உறிஞ்சுவதோடு நின்றால் மண் நனைந்து நிறைந்த பிறகு என்ன ஆகும்? கடற்பஞ்சு நீரைப் பிடித்துவைக்கும், பிழிந்தால் கொடுக்கும். உயிருள்ள கடற்பஞ்சு தன் உடலுக்குள் நீரைச் செலுத்தி வடிகட்டியே வாழ்கிறது. உவமை ஆறு வினைகளையும் கிட்டத்தட்டத் தாங்குகிறது.

வெளிநாடுகளுக்கு இந்தச் சிந்தனை போனதைப் பற்றிக் கொழும்பிலிருந்து எழுதிய அக்கா கேட்டிருந்தார். பாங்காக்கில் பழைய புகையிலை ஆலை இருந்த இடத்தில் 2022இல் திறந்த பெஞ்சகிட்டி வனப் பூங்கா, யூவின் நிறுவனமும் தாய்லாந்துக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து செய்தது. ரஷ்யாவின் கசான் நகரில் கபான் ஏரிக்கரையிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் சீனா வெளியே கட்டுவதெல்லாம் இந்த வகை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பிலேயே சீன முதலீட்டில் 269 ஹெக்டேர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்திருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் பன்னாட்டு அமைப்பு முதன்முதலாக 18 ஊர்களை ஈரநில நகரங்கள் என்று ஏற்றபோது கொழும்பு அதில் இருந்தது. அதே பட்டியலில் சீனாவின் ஆறு நகரங்கள். அவற்றில் சாங்தே, கடற்பஞ்சு முன்னோடி நகரமும்கூட. சாங்தேயில் கற்றது கொழும்புக்குப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. வெளியே கொண்டுபோவது கான்கிரீட்டாக இருக்க வேண்டுமா, இந்த ஆறு வினைகளாக இருக்க வேண்டுமா என்பதை அவர்களிடம் கேட்கிற உரிமை கடன் வாங்கும் நாடுகளுக்கு உண்டு. கேட்பதற்குச் சொல் வேண்டும்.

சென்னை மாநகராட்சியும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் பூங்காக்களில் மழைநீர்க் குளம் வெட்டிவருகிறது. அதற்குக் ‘கடற்பஞ்சுப் பூங்கா’ என்று எழுதத் தொடங்கலாம். பெயர்ப்பலகையில் ஆறு வினைகளில் எவை அங்கே நடக்கின்றன என்று எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

இப்போது வேண்டுவது இரண்டு. ‘கடற்பஞ்சு நகரம்’ என்ற பெயருக்கு உங்கள் ஒப்புதல் அல்லது மறுப்பு. அப்புறம், ‘ஜி’ என்பதற்கு நான் வைத்த ‘தணிதல்’ எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஓடுகிற மழைநீரைக் கொஞ்ச நேரம் நிதானிக்க வைத்து, வெள்ளத்தின் உச்சத்தைத் தள்ளிப்போடுவது அந்த வினை. தணிதல் வேகம் குறைவதைச் சொல்கிறது, நேரம் கடத்துவதைச் சொல்லவில்லை. மடை, மதகு, கலிங்கு பக்கம் வேலை பார்த்தவர்களின் பேச்சில் இதற்கு ஒரு சொல் கட்டாயம் இருக்கும். நீர்ப்பாசனத் துறையில் இருந்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.